ஆஃப் அக்கா

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்கள் வந்த கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். அக்கா வந்தால் முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். கொஞ்சம் தள்ளி, வேலை செய்கிறவர் முதுகும் திரையும் சேர்ந்து தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவார். பிறகு, "நீங்க உங்க வேலையப் பாருங்க. அது ஆஃப் ஆகட்டுமுங்க" என்பார். அதற்கு மேல் அவரை அங்கிருந்து அசைக்க முடியாது.

துடியலூர் கடைவீதியில் அவருக்கு ஆஃப் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு, பைபிளில் வருகிற பெயர். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அக்கா, அவர் அந்தப் பக்கம் போனதும் ஆஃப் அக்கா. அவருக்கு இது தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எனக்கு ஃபோன் போட்டு, "ஏனுங்க, ஆஃப் அக்கா பேசறேன்" என்றாரே பார்க்கலாம். அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஐம்பதை ஒட்டிய வயது. நல்ல உயரம், அதற்கேற்ற குரல். பாலிடெக்னிக்கில் படித்தவர், ஒரு கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியராக இருந்துவிட்டுத் தனியாக வந்தவர். தன் திறமை மேல் அவருக்கு அபார மதிப்பு. கோயமுத்தூரில் தன்னைப் போல ஆள் கிடையாது என்று கூச்சமில்லாமல் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் சர்ச் முடிந்து, கஞ்சி போட்ட காட்டன் புடவையிலேயே வந்து மேஜைக்கடியில் புகுந்துவிடுவார். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒரு சின்ன டார்ச் லைட்டும் கயிற்றில் தொங்கும்.

சும்மா உட்காரத் தெரியாது. மெஷின் நிற்கும் வரைக்கும் கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அதனால் போகிற இடத்திலெல்லாம் சின்ன வெங்காயம் கேட்டு வாங்கி உரித்துக் கொடுப்பார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் வெங்காயத்தை எடுத்து வைக்கிற வீடுகள் இருந்தன. பழக்கமில்லாத ஆபீஸ்காரர்கள்தான், கம்ப்யூட்டர் பார்க்க வந்த அம்மா வெங்காயம் கேட்கிறார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கண் முன்னால் கம்ப்யூட்டர் நின்று போனால் நமக்கெல்லாம் வயிறு எரியும். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும். பீளமேட்டில் ஒரு நூல் புரோக்கர் ஆபீஸில் நடந்ததை அந்த புரோக்கரே எங்கள் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தபோது சொன்னார். காலையிலிருந்து ஏற்றிய கணக்கு சேவ் ஆகாமல் திரை இருண்டுவிட்டதாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூலையில் இருந்த அக்கா கையைத் தட்டி, "அருமைங்க! நல்லதாப் போச்சுங்க" என்று எழுந்தாராம். புரோக்கருக்கு வந்த கோபத்தில் வெளியே போகச் சொல்லிவிட்டார். அக்கா அதைக் காதில் வாங்காமல் பெட்டியைத் திறந்து, விசிறிக்குள்ளிருந்து பஞ்சை இழுத்து இழுத்து வெளியே போட்டாராம். குழந்தைக்குத் தலையணை தைக்கலாம் என்கிற அளவுக்கு வந்ததாம். சூடு வெளியேற வழியில்லாமல்தான் நின்றிருக்கிறது. சொல்லும்போதே புரோக்கருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதே அக்கா உட்கார்ந்திருக்கும்போது மெஷின் ஒழுங்காக ஓடினால் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் பலகாரத்தோடு போய், பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர் மாதிரி எழுந்து போவார்.

எங்களுக்கு அவர் பழக்கமானதும் நின்று நின்று போகிற ஒரு கம்ப்யூட்டரால்தான். நானும் என் வீட்டுக்காரரும் துடியலூரில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, சீர், புதுவீடு எல்லாவற்றுக்கும் அழைப்பிதழ். டிசைன் எங்கள் கடையில், அச்சடிப்பது டவுனில். காலையில் வீட்டுக்காரர் டிசைன் செய்வார். மத்தியானத்துக்கு மேல் முடிந்ததை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். நானும் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்று வீட்டுக்குப் போய்விடுவேன். மத்தியானம் முழுக்கக் கடையில் மஞ்சு மட்டும்தான்.

மஞ்சு எங்களிடம் வேலைக்கு இருந்த பெண். தடாகம் பக்கம் செங்கல் சூளையில் அவள் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். பிளஸ் டூ முடித்து, டைப்பிங் பழகி, டிசைனும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அதிர்ந்து பேச மாட்டாள். அவள் போடுகிற பூ பார்டருக்கென்றே தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூசை முடிந்த பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. ஐப்பசி முகூர்த்தம், மூச்சு விட நேரமில்லாத மாதம். மஞ்சு ஒரு பத்திரிகையைப் பாதி செய்துகொண்டிருப்பாள், பட்டென்று நின்றுவிடும். மாப்பிள்ளை பெயர் இருக்கும், பெண் பெயர் போயிருக்கும். "அண்ணா, அது தானா நின்னு போச்சுங்க" என்பாள். தினமும் நிற்காது. நின்றால் மத்தியானம்தான் நிற்கும்.

வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். மறுநாள் நின்றது. இன்னொருவர் பெட்டியைக் கழற்றித் தன் கடைக்கே கொண்டு போய் ஒரு வாரம் இரவு பகலாக ஓட விட்டார். ஒரு தடவை கூட நிற்கவில்லை. இருந்தாலும் உள்ளே கரண்ட் வாங்கிக் கொடுக்கிற பெட்டியை மாற்றிக் கொண்டு வந்து மாட்டினார். அன்று மத்தியானமே நின்றது.

எங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் கிடையாது. ஆனால் களைத்துப் போயிருந்தார். அவர் கையில் ஓடுகிறது, ரிப்பேர்க்காரர் கடையில் ஓடுகிறது, மஞ்சு உட்கார்ந்தால் மட்டும் நிற்கிறது. கரண்ட் போயிருந்தால் லைட் அணைந்திருக்க வேண்டும். திரையில் வெளிச்சம் இருக்கிறது, யூ.பி.எஸ். பேட்டரியும் வேலை செய்கிறது, பெட்டி மட்டும் எப்படி நிற்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வேலை அதிகமாகிவிட்டதால் அவளே சுவிட்சை அமுக்கிவிடுகிறாளோ என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை தயாராகவில்லை என்று கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மஞ்சுவைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பி, "நான் ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா" என்றாள். அதோடு போய்விட்டாள்.

எதிரே இருக்கிற மெடிக்கல் கடைக்காரர்தான் அக்காவின் நம்பரைக் கொடுத்தார். நான் ஃபோன் செய்தேன். என்ன மாடல், எப்போது வாங்கியது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. எப்போது நிற்கிறது, அப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மஞ்சுவை வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அந்தப் புள்ள இருக்கறப்பதானுங்க நான் வரோணும். அது இல்லாம நான் வந்து என்னத்தப் பாக்கறது?" என்றார்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர், "பாத்தியா, அந்தம்மாளுக்கும் அவ மேலதான் சந்தேகம்" என்றார்.

முதல் நாள் அக்கா காலையிலேயே வந்துவிட்டார். மத்தியானம் வேறு எங்கோ போக வேண்டியிருந்ததாம். மஞ்சுவையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தோம். உட்கார்ந்தார், வெங்காயம் கேட்டார், கூடை காலியானது. மெஷின் சமர்த்தாக ஓடியது. ஒவ்வொரு முறை மஞ்சு மௌஸை அழுத்தும்போதும் அக்கா ஆசையோடு எட்டிப் பார்ப்பார். ஒன்றும் நடக்கவில்லை. "நாளைக்கு மத்தியானமா வாரேனுங்க" என்று மனசே இல்லாமல் கிளம்பினார். இந்தம்மாவை நம்பி என்ன ஆகப் போகிறது என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

மறுநாள் நானும் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மஞ்சு அடித்ததையே அழித்து அழித்து அடித்தாள். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு ஆள் நிற்கிற மாதிரி அவளுக்கு இருந்திருக்கும். அக்கா அவளை அப்படியே விடவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சூளையில் இப்போது மண்ணுக்கு என்ன செய்கிறார்கள், தம்பி என்ன படிக்கிறான், பூ பார்டர் போட யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மார்கழியில் அம்மா வாசலில் போடுகிற கோலத்தைப் பார்த்துத்தான் அந்த பார்டரையெல்லாம் போடுகிறேன் என்று மஞ்சு சொன்னாள். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மெல்ல மெல்ல அவள் கை பழையபடி ஓட ஆரம்பித்தது. ஒரு காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன் பெயர்களை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டென்று நின்றது.

மஞ்சு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். போலீஸைப் பார்த்தவள் மாதிரி இருந்தது முகம். அக்கா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த வெங்காயமெல்லாம் தரையில் உருண்டது. "ஆச்சு, ஆச்சு" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணுமே தொடலை கண்ணு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

மஞ்சு அப்போதுதான் அழுதாள். வேலையை விட்டுப் போகச் சொன்ன அன்று கூட அழாத பெண். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே தூசி இருந்தது, சூடும் இருந்தது. இதுதான், இந்தச் சூடுதான் என்று அடித்துச் சொன்னார். எல்லாவற்றையும் துடைத்து, விசிறியை மாற்றி மூடினார். இனிமேல் நின்றால் தன் பெயரை மாற்றி வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் நின்றது. வீட்டுக்காரர் டவுனிலிருந்தே அவருக்கு ஃபோன் போட்டு, புதுப் பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், முன்னைவிடச் சந்தோஷமாக வந்து இறங்கினார். "நாஞ் சொன்னது தப்பாப் போச்சுங்க. இருக்கட்டும், ஒண்ணு கழிஞ்சுது" என்று ஸ்டூலை இழுத்தார். நான் பார்த்தவர்களில், தான் சொன்னது தப்பு என்பதை இவ்வளவு குதூகலமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். மஞ்சு அடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொர்ரென்று ஒரு சத்தம், அதே நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றது. அக்கா கண்ணைத் திறந்து எங்களைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.

"ஃபேன் ஒரு மூச்சு எறங்கி ஏறுச்சுங்க. கேட்டீங்களா?"

நாங்கள் கேட்கவில்லை. அவர் வாசலில் இறங்கிப் பக்கத்துக் கடைக்குப் போனார். அது ராஜாமணி அக்காவின் மாவுக்கடை. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிற கடை. மத்தியானத்துக்கு மேல்தான் அங்கே அரைக்க ஆரம்பிப்பார்கள், சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். வியாபாரம் கூடிவிட்டது என்று அந்த ஆயுத பூசைக்கு ஒரு பெரிய கிரைண்டர் இறக்கியிருந்தார்கள். பழைய கிரைண்டரே போதுமென்கிற நாட்களில் அதை ஓட்டுவதில்லை. அண்டாவை நிறைத்துக்கொண்டு அது கிளம்புகிற அந்த ஒரு நொடிக்கு, எங்கள் வரிசைக் கடைகளின் கரண்ட் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டுதான் கிளம்பும் போல. லைட்டில் அது தெரியாது.

ஆஃப் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்தார். பிரஸ்ஸிலிருந்து அவர் வந்து வண்டியை நிறுத்தியதும் அவரையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். மஞ்சுவை மெஷினைத் தொட விடாமல் வாசல்படியில் நிற்க வைத்தார். ராஜாமணி அக்கா கிரைண்டர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றார். என்ன நடக்கிறது என்று பார்க்க மெடிக்கல் கடைக்காரர் வந்துவிட்டார், மருந்து வாங்க வந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"போடுங்க்கா" என்று ஆஃப் அக்கா குரல் கொடுத்தார். கொர்ர். வீட்டுக்காரர் கையில் மெஷின் நின்றது. வாசலில் ஒரே கைதட்டல். மறுபடி போடச் சொன்னார், மறுபடி நின்றது. வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்து, தான் எதையும் தொடவில்லையே என்பது போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் கொறஞ்சா யூ.பி.எஸ். தாங்கோணுமில்லீங்க? அதுக்குத்தான வாங்கி வெச்சிருக்கு" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு டார்ச்சோடு மேஜைக்கடியில் போனார். அங்கே ஒயர்களெல்லாம் சேர்த்து அழகாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எது எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியாது. அவர் பெட்டியிலிருந்து வருகிற ஒயரைக் கையில் பிடித்து, விடாமல் தடவிக்கொண்டே போனார். அது யூ.பி.எஸ். பக்கம் போகாமல் நேராகச் சுவர் பிளக்குக்குப் போனது. யூ.பி.எஸ்.ஸில் மானிட்டரும் ஸ்பீக்கரும்தான் சொருகியிருந்தன. அதனால்தான் பெட்டி நின்றாலும் திரையில் வெளிச்சம் இருந்திருக்கிறது. பெட்டியைக் கொண்டு போனவரும் அதன் முதுகில் இருக்கிற முனையை மட்டும் கழற்றி மாட்டியிருக்கிறார், சுவர்ப் பக்கத்து முனையை யாரும் தொடவில்லை.

"இதெல்லாம் எப்பங்க கடைசியாக் கழட்டி மாட்டுனது?" என்று மேஜைக்கடியிலிருந்தே கேட்டார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்கும் வந்திருக்கும். ஆயுத பூசைக்குக் கடையைக் கழுவி விட்டது அவர்தான். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் அவர்தான். ஷாக் அடித்துவிடும் என்று மஞ்சுவை ஒயர் பக்கமே வர விடவில்லை. அக்கா யார் மாட்டியது என்று கேட்கவில்லை. வெளியே வந்து பிளக்கை அவர் கையில் கொடுத்து, நீங்களே மாத்திப் போடுங்க என்றார். வீட்டுக்காரர் மேஜைக்கடியில் போனார். வெளியே வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுபடியும் கிரைண்டரைப் போட்டார்கள். யூ.பி.எஸ். ஒரு முறை கீச்சென்றது. கம்ப்யூட்டர் அசையவில்லை. வாசலில் எல்லோருக்கும் சந்தோஷம். ராஜாமணி அக்கா, தன் கிரைண்டர் மேல் பழி வராமல் போனதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆஃப் அக்கா முகம் மட்டும் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிறதைப் பார்க்கிறவர் முகம் மாதிரி.

வீட்டுக்காரர் மஞ்சுவிடம் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். அந்தக் காதுகுத்துப் பத்திரிகையை நீயே முடித்துவிடு என்றார். மஞ்சு தலையைக் குனிந்துகொண்டே, "மொதத் தேதிக்கு அப்புறமும் வரட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"அப்புறமும்தான் கண்ணு" என்றார். மெடிக்கல் கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு அக்கா வேலை இல்லாவிட்டாலும் எங்கள் கடைக்கு வந்து போவார். அவர் வீட்டு மிக்ஸியைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. எல்லோர் வீட்டு மெஷினையும் சரி செய்கிறவர் வீட்டில், தேங்காய்ச் சட்னி அரைத்தால் மட்டும் நின்று போகிற ஒரு மிக்ஸி இருந்தது. அதை அவர் தொடுவதே இல்லை. அவர் வீட்டுக்காரர் புது மிக்ஸி வாங்கி வந்துவிட்டார். ஆனாலும் பழையதைத் தூக்கிப் போட அக்கா விடமாட்டார். "பொட்டுக்கடலைக்கு நிக்கறதில்லைங்க, தேங்காய்க்கு நிக்குது. ஏன்னு தெரியாம எப்படிங்க தூக்கிப் போடறது?" என்று கேட்பார்.

அவர் எங்களை விட்டு மகளோடு ஓசூர் போவதற்கு முந்தின வருஷம் அவருக்கே ஒன்று வந்தது. நின்றுகொண்டே இருப்பார், கண் இருட்டிக்கொண்டு வரும், கீழே உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். எங்கள் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதைச் சொன்னார். வயிற்றில் காஸ் என்று வீட்டில் சொன்னார்கள். வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒயர்களை ஒட்டி எடுத்துப் பார்த்தார்கள், கோடு ஒழுங்காக வந்தது. "அவங்க முன்னால அது நல்லாத்தானுங்க ஓடுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் பீளமேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் மஞ்சுவும் ஓடினோம். மஞ்சுவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொது வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். தோளுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தார்கள். இதயம் நின்று நின்று ஓடியிருக்கிறது, அதைத் தட்டி ஓட வைக்கிற ஒரு சின்ன மெஷினை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார், நர்ஸம்மா அதட்டிப் படுக்க வைத்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். அதைக் கேட்க மாட்டோமா என்றுதான் காத்திருந்திருக்கிறார். டாக்டர் எல்லாம் நார்மல்தான் என்று சொல்லி மருந்துச் சீட்டை நீட்டியிருக்கிறார். அதை வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே அவர் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தால் நாடி இல்லை. அப்புறம் அது தானாகவே திரும்பி வந்திருக்கிறது. கண் விழித்தபோது டாக்டர் முகம்தான் எதிரே இருந்ததாம். "அவரு மூஞ்சியப் பாக்கோணுமே அம்மணி. வேர்த்து ஊத்துது. எனக்கானா ஒரே சந்தோசம். பாத்துட்டாருங்கல்ல!"

அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காஸ் என்று சொன்னவர் அவர்தானாம்.

பயமாக இல்லையா அக்கா என்று மஞ்சு கேட்டாள். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"பயந்துட்டுத்தான் கண்ணு இருந்தேன். விழுந்து கெடக்கறதைவிட, நாஞ் சொல்றத ஒருத்தரும் நம்பலையேன்னுதான் இருந்துது" என்றார். பிறகு மஞ்சு கையைத் தட்டிக் கொடுத்து, "அது உனக்குத் தெரியும்" என்றார்.

மஞ்சு கொண்டு வந்திருந்த ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் கிளம்பும்போது அக்கா என்னை மட்டும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பக்கத்துக் கட்டிலில் அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா படுத்திருந்தார். வயல்காட்டு வேலை செய்து காய்த்துப் போன கைகள். தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு அவருக்கு வலது கால் மரத்து வெளுத்துப் போகிறதாம். காலையில் டாக்டர் ரவுண்டு வரும்போது கால் நன்றாக இருக்கிறது, அதனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"என்னை எந்திரிக்க விட மாட்டேங்கறாங்க. இப்படித் தலையத் திருப்பவும் முடியறதில்ல" என்றார் அக்கா மெதுவாக. "நீங்க கொஞ்சம் அந்தம்மா கால்மாட்டுல உக்காருங்க."

வீட்டில் வேலை கிடந்தது. மஞ்சுவை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தம்மாவும் நானும் ஊர்க்கதை பேசினோம். அவர் வீட்டு எருமை, மகன் போட்டிருக்கிற வாழை, மருமகள் வைக்கிற ரசம் எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். ஜன்னலில் வெயில் மெல்ல இறங்கியது. வார்டில் காபி கொண்டு வந்தார்கள். நான் பேசிக்கொண்டே காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் தொடங்கி, பாதம் ஓரமாக நிறம் மாறிக்கொண்டே வந்தது. தொட்டேன், சில்லென்று இருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டேன். வந்து, என்னம்மா மறுபடியும் என்கிற மாதிரிதான் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மற்றொரு காலையும் தொட்டுப் பார்த்தார். பிறகு வார்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, டூட்டி டாக்டரை உடனே வரச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார்.

பார்த்துவிட்டார்கள் என்கிற நிம்மதியில் அந்தம்மா தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வலி இருந்திருக்கும். ஆனாலும் பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்து, தனக்கும் ஒரு காபி வாங்கி வரச் சொன்னார்.